பாலக்காட்டுக் கணவாயும் பெரியாற்றுத் தலைப்பும்: நில அளவைப் படங்களில் ஆறு, மலை, ஊர்ப்பெயர்

முன்னுரை

தமிழியல் ஆய்வில் ஓலைச்சுவடி, கல்வெட்டு, செப்பேடு, நாணயம் ஆகியவை முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நிலப்படம் இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. கட்டுரையின் இறுதியில் இணைக்கப்படும் துணைப்பொருளாகவே அது பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால், ஒரு நிலப்பகுதியின் ஆறுகளையும் மலைகளையும் ஊர்களையும் பெயரோடு பதிவுசெய்த நில அளவைப் படம், சுவடியைப் போலவே ஒருவரால் சொல்லப்பட்டு, மற்றொருவரால் எழுதப்பட்டு, பிறரால் படியெடுக்கப்பட்டு வந்ததாகும். ஆகவே சுவடிக்குரிய பிழைகளும் பாடபேதங்களும் படத்திற்கும் உண்டு. சுவடியின் பிழை பொருளை மாற்றும். படத்தின் பிழையோ ஊரின் பெயரையும் நாட்டின் எல்லையையும் மாற்றவல்லது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் பெரியாற்றுத் தலைப்பு வரையுள்ள எல்லைப்புறத்தின் நில அளவை வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, நிலப்படத்தை மூலபாட ஆய்வு நெறியில் படிக்க வேண்டிய தேவையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலத்தின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பெரும் இடைவெளி பாலக்காட்டுக் கணவாய் ஆகும். வடக்கே நீலகிரித் தொகுதியும் தெற்கே ஆனைமலைத் தொகுதியும் எழுந்து நிற்க, இடையே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில் தாழ்நிலம் பரந்துள்ளது. தெற்கு மலைத்தொகுதியின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. கணவாயின் தளம் பெரும்பாலும் சமவெளியே. கொங்கு நாட்டையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த வணிகப் பெருவழி இதனூடாகவே சென்றது. 1862ஆம் ஆண்டளவில் சென்னை இருப்புப்பாதையும் இவ்வழியையே பற்றிக்கொண்டது.

எலப்புள்ளி இக்கணவாய்ச் சமவெளியில், பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே, தமிழகத்தின் கோவை மாவட்ட எல்லைக்கு அணித்தாக உள்ள ஊர். அதன் வட்டாரத்தில் ஓடும் கோரையாறும், வாளையாறு, வறட்டாறு, மலம்புழை ஆகியனவும் கல்பாத்திப்புழையின் கிளைகள். அதற்குத் தெற்கே சிற்றூர்ப்புழை எனவும் கண்ணாடிப்புழை எனவும் வழங்கும் ஆறு ஓடுகிறது. இவ்விரு பிரிவும் சேர்ந்தே பாரதப்புழை ஆகின்றன. 209 கி.மீ. நீளமுள்ள பாரதப்புழையின் வடிநிலம் ஏறத்தாழ 6,186 சதுர கி.மீ.; அதில் 1,786 சதுர கி.மீ. தமிழகத்திற்குள் அமைந்தது. ஆனைமலைக்குத் தெற்கே, இன்றைய இடுக்கி மாவட்டத்தின் உயர்நிலங்களில், 244 கி.மீ. நீளமுள்ள பெரியாறு தன் கிளைகளோடு உருவாகிறது. கணவாயின் தாழ்நிலம், ஆனைமலையின் உயர்நிலம், பெரியாற்றுத் தலைப்பு என்னும் மூன்றும் சேர்ந்த இப்பரப்பே இங்கு ஆய்வுக்களம்.

அளவை நடந்த வரலாறு

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபாரும், 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ச்சிக்குப் பின் கோவை நாடும் ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தன. புதிதாகக் கைக்கொண்ட நாட்டின் வருவாயையும் படைவழியையும் அறியும் தேவை எழுந்தது. 1800ஆம் ஆண்டு பிரான்சிஸ் புக்கானன் கோவையிலிருந்து இக்கணவாய் வழியே மலபாருக்குள் சென்று, பயிர், நீர்ப்பாசனம், குடிகள் பற்றிக் குறிப்பெடுத்தார். அவரது பயண நூல் 1807ஆம் ஆண்டு வெளிவந்தது. அது கண்டும் கேட்டும் எழுதிய விவரணை. கணிதத்தின் துணைகொண்ட அளவை அன்று.

கணித அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கும் பணியைத் தொடங்கி, அதிலிருந்து முக்கோணங்களைப் பின்னிச் சென்றார். ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணக்கால் பெறலாம் என்பதே இம்முறையின் அடிப்படை. மலை, காடு, ஆறு ஆகியவற்றைச் சங்கிலியிட்டுக் கடக்காமலேயே, குன்றின் உச்சியிலிருந்து குன்றின் உச்சியை நோக்கி அளவை முன்னேறியது. கோவை நாட்டில் அவர் அமைத்த நிலையமொன்று 'புட்சபாலியம்' என்றும், குமரிமுனைக்கு அருகிலமைந்த தென்கோடி நிலையம் 'புன்னே' என்றும் அளவை ஏடுகளில் எழுதப்பட்டன. முன்னதைப் பச்சாபாளையம் என்றும் பின்னதைப் புன்னை என்றும் மீட்டெடுத்துக் கொள்ளலாம். புவியின் வடிவத்தைக் கணித்த ஐரோப்பிய அறிஞர்களின் அட்டவணைகளில் இவ்விரு தமிழ் ஊர்ப்பெயர்களும் இத்திரிபு வடிவிலேயே நிலைபெற்றன.

முக்கோண அளவை ஒரு சட்டகம் மட்டுமே. அதனுள் ஆற்றையும் ஊரையும் நிரப்பிய நிலவடிவ அளவை அடுத்து நிகழ்ந்தது. திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு நாடுகளையும் வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள் 1816 சூலை முதல் 1820ஆம் ஆண்டின் இறுதி வரை அளந்தனர். இவர்களுள் பெஞ்சமின் சுவெயின் வார்டு 1821ஆம் ஆண்டு பழனி மலையையும் நீலகிரியையும் அளந்தவர். மலபாருக்குரிய விவரக் குறிப்பேடும் இவ்விருவர் பெயரிலேயே உள்ளது. திருவிதாங்கூர்–கொச்சி அளவை நடந்தபோது இந்தியாவின் தலைமை அளவையராக இருந்தவர் காலின் மெக்கன்சி. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலுள்ள மெக்கன்சி சுவடிகளைத் தமிழுலகம் நன்கறியும். ஊர் வரலாறுகளைத் தொகுத்த அதே அலுவலரின் ஆட்சிக்காலத்தில், அதே அளவைப் பண்பாட்டிலிருந்து எழுந்தவையே இப்படங்களும் குறிப்பேடுகளும். சுவடித் தொகுப்பு பதிப்பும் ஆய்வும் பெற்றிருக்க, அதன் உடன்பிறப்பான படத்தொகுப்பு தமிழாய்வாளரின் கவனத்திற்கு உரிய அளவில் வராமை எண்ணத்தக்கது.

படமும் குறிப்பேடும்

வார்டு, கானர் ஆகியோரின் குறிப்பேடு அளவை முடிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே இருந்து, 1863ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் அச்சேறியது. எல்லை, மலை, ஆறு, வழி, விளைவு, குடிகள் என்னும் வரிசையில் பகுதி பகுதியாக நாட்டை விவரிப்பது அதன் அமைப்பு. படத்தில் ஒரு கோடாக நிற்கும் ஆறு, குறிப்பேட்டில் எந்த மலையில் பிறந்து எவ்வூர்களைக் கடந்து எங்குக் கூடுகிறது என்னும் செய்தியோடு வருகிறது. எனவே படத்தை மூலமாகவும் குறிப்பேட்டை உரையாகவும் கொண்டு இரண்டையும் இணைத்துப் படித்தலே முறை.

அக்காலப் படங்களில் மலைகள் சமவுயரக் கோடுகளால் காட்டப்படவில்லை. சரிவின் போக்கில் இழுக்கப்பட்ட நெருங்கிய கீற்றுகளால் மலையின் தோற்றம் உணர்த்தப்பட்டது. கீற்று அடர்ந்த இடம் செங்குத்து. அருகிய இடம் மென்சரிவு. உயரத்தின் அளவை இதிலிருந்து பெற இயலாது. 1905ஆம் ஆண்டு மறுசீரமைப்புக்குப் பின்னர் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வண்ணப் படங்களில் சமவுயரக் கோடுகள் பொதுவழக்காயின. பின்னர் வகுக்கப்பட்ட எண்முறையில் எலப்புள்ளி உள்ளிட்ட பாலக்காட்டுப் பகுதி 58 பி தாளிலும், ஆனைமுடி, மூணாறு ஆகியவை 58 எஃப் தாளிலும், முல்லைப் பெரியாற்று அணைப் பகுதி 58 ஜி தாளிலும் அடங்கும்.

பெயரும் எழுத்தும்

அளவையர் ஊர்ப்பெயரை மக்கள் வாயிலாகக் கேட்டனர். கேட்ட ஒலியை உரோமன் எழுத்தில் பதித்தனர். அவ்வெழுத்தில் ரகர றகர வேறுபாடு இல்லை. லகர ளகர வேறுபாடு இல்லை. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. இந்த இழப்பின் விளைவை எலப்புள்ளி என்னும் பெயரிலேயே காணலாம். உரோமன் வடிவத்தை மட்டும் கொண்டு படிப்பவர் அதனை எலப்புள்ளி, ஏலப்புள்ளி, எலப்புல்லி, ஏலப்புல்லி என நான்கு வகையாகப் படிக்க இயலும். ஏலம் என்று கொண்டால் நறுமணப் பயிரோடும், புல் என்று கொண்டால் மேய்ச்சல் நிலத்தோடும் பெயரை இயைத்துவிடலாம். ஆனால், ஏலம் மழை மிகுந்த உயர்மலைச் சோலைப் பயிர். எலப்புள்ளியோ கணவாயின் தாழ்ந்த சமவெளி. நிலவியல் அப்பொருளுக்கு இடந்தரவில்லை. மலையாள எழுத்துவழக்கில் முதலெழுத்து குறிலாகவும் ஈற்றயல் ளகரமாகவும் நிற்பது ஐயத்தை நீக்குகிறது. படத்தின் எழுத்தை மட்டும் நம்பிச் சொற்பிறப்புக் கூறுவதன் இடர்ப்பாட்டை இது காட்டும்.

ஆறு என்னும் பொதுச்சொல் அடைந்த மாற்றம் இதனினும் விரிவானது. கோரை வளரும் ஆறு கோரையாறு. மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்றும் அங்குக் கூடுகின்றன. இவையும் வாளையாறு, ஆழியாறு, பெரியாறு என்பனவும் உரோமன் எழுத்தில் ரகர ஈறு பெற்றுப் பின் தமிழுக்குத் திரும்பியபோது, வாளையார், ஆழியார், மூணார், பெரியார் என வழங்கலாயின. இதற்கு உரோமன் எழுத்து மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. மலையாள எழுத்தில் சொல்லிறுதி ரகரத்தையும் றகரத்தையும் ஒரே சில்லெழுத்தே குறிப்பதால், அங்கும் இவ்வேறுபாடு எழுத்தளவில் மறைந்தது. இரு வழியாகவும் வந்த மாற்றம் நாளிதழ், பேருந்துப் பலகை, அரசு ஆவணம் ஆகியவற்றில் ஒன்றாகிவிட்டது. அதன் பயனாக ஆற்றின் பெயர், பெரியவரைக் குறிக்கும் உயர்வுச் சொல்லாகத் தோற்றமளிக்கிறது.

இப்பெயரின் பழைய வடிவத்தை இலக்கியம் காத்துவைத்துள்ளது. சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணச் சென்று தங்கிய இடம் பேரியாற்றங்கரை என்று சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதை கூறுகிறது. அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியை அடுத்த பேரியாற்றைச் சுள்ளி என்னும் பெயரோடு சேர்த்துச் சுட்டுகிறது. எனவே படத்திலுள்ள ரகர ஈற்று வடிவம் அண்மைக்காலப் பாடபேதமே என்பதும், றகர வடிவமே மூலபாடம் என்பதும் தெளிவு. பாலக்காட்டுக்கும் இத்தகைய நிலையே நேர்ந்தது. 'பால்காட்' என்று எழுதப்பட்டபோது, காடு என்னும் ஈறு மலைப்படியைக் குறிக்கும் வடசொல்லோடு மயங்கியது. ஊர் கணவாயில் அமைந்திருந்தமை அம்மயக்கத்திற்குத் துணைநின்றது.

நீர்ப்பிரிமேடும் எல்லைக்கோடும்

மலைமுகட்டின் ஒரு புறத்து நீர் ஒரு கடலுக்கும் மறுபுறத்து நீர் மறு கடலுக்கும் செல்லுமாறு பிரிக்கும் மேடு நீர்ப்பிரிமேடு ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடே நீர்ப்பிரிமேடு என்பதும், அதுவே தமிழக–கேரள எல்லை என்பதும் பொதுவான எண்ணம். நிலவடிவப் படத்தில் ஆறுகளைத் தொடர்ந்து சென்றால் இவ்வெண்ணம் மூன்று வெவ்வேறு முடிவுகளைத் தருகிறது.

முதலாவது, பாலக்காட்டுக் கணவாய். இங்கு முகடு இல்லை. நீர்ப்பிரிமேடு தமிழகச் சமவெளியினுள் கிழக்கே தள்ளி அமைந்துள்ளது. அதனால் பொள்ளாச்சிப் பகுதியின் ஆழியாறும் பாலாறும் மேற்கு நோக்கி ஓடிச் சிற்றூர்ப்புழையில் கலக்கின்றன. நொய்யலோ கிழக்கு நோக்கிக் காவிரிக்குச் செல்கிறது. எல்லைக்கோடு நீர்ப்பிரிமேட்டிற்கு மேற்கே கிடக்கிறது.

இரண்டாவது, அஞ்சுநாடு என வழங்கும் மறையூர், காந்தளூர்ப் பகுதி. இங்குப் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்ந்து காவிரி வடிநிலத்தின் பகுதியாகிறது. கேரளத்தின் கிழக்கு நோக்கிய மூன்று ஆறுகளுள் இது ஒன்று; பவானியும் கபினியும் ஏனைய இரண்டு. இங்கு எல்லைக்கோடு நீர்ப்பிரிமேட்டிற்குக் கிழக்கே கிடக்கிறது.

மூன்றாவது, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர். இங்கு மட்டுமே முகடும் நீர்ப்பிரிமேடும் எல்லையும் பெரிதும் ஒன்றுபடுகின்றன.

எல்லை நிலத்தின் இயல்பிலிருந்து எழுந்ததன்று, ஆட்சியின் வரலாற்றிலிருந்து எழுந்தது என்பதை இம்மூன்றும் உணர்த்தும். எலப்புள்ளி அமைந்த பாலக்காட்டு வட்டம் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் அண்டையிலுள்ள சிற்றூர் கொச்சி அரசுக்குரிய தனித்துண்டாக இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்குரியவை. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ஆம் ஆண்டு அறிக்கையில் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மலபார் மாவட்டமும் கேரளத்தில் இணைய, மூன்று பழைய ஆட்சிப் பகுதிகளின் கிழக்கு விளிம்புகள் ஒரே மாநில எல்லையாயின. இடுக்கி மாவட்டம் 1972 சனவரி 26ஆம் நாள் உருவாயிற்று. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நோக்கில் வரையப்பட்ட கோடுகள் இவ்வாறு ஒரு கோடாயின.

ஆறு இக்கோட்டை மதிப்பதில்லையாதலின், கோட்டின் இருபுறத்தாரும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டு கையெழுத்தாகி, 1958 முதல் செயற்பட்டதாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் கேரளத்திற்கு விடப்படுதல் வேண்டும். சிற்றூர் வட்டார உழவர்களின் பாசனம் இவ்வளவைச் சார்ந்துள்ளது. பரம்பிக்குளம் அணை கேரள நிலத்தில் இருந்தபோதிலும் அதனை இயக்குவது தமிழகம். நீர்ப்பிரிமேடும் எல்லையும் ஒன்றாக அமைந்திருப்பின் இத்தகைய சிக்கல் இவ்வடிவில் எழுந்திராது.

சமவுயரக் கோடு சட்டமானமை

நிலவடிவப் படத்தின் கோடு சட்டத்தின் சொல்லாகவே ஆனமைக்குப் பெரியாற்றுக் குத்தகை சிறந்த சான்று. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணத்தை ஆராய்ந்த கால்டுவெல் என்னும் பொறியியல் அலுவலர் 1808ஆம் ஆண்டு அது இயலாது எனக் கருத்துரைத்தார். அம்முடிவு பிற்காலத்தில் மாறி, 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. நிலப்பரப்பு ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக் குத்தகை 5 ரூபாய். 1895ஆம் ஆண்டு பென்னி குயிக்கின் மேற்பார்வையில் அணை நிறைவுற்று, நீர்ப்பிரிமேட்டைத் துளைத்த சுரங்கத்தின் வழியே மேற்கு நோக்கிய நீர் வைகைக்குத் திரும்பியது.

அக்குத்தகை நிலத்தை வரையறுத்த முறை இங்குக் கருதத்தக்கது. ஊர், ஓடை, எல்லைக்கல், மரம் ஆகியவற்றை நாற்பாலெல்லையாகக் கூறும் செப்பேட்டு மரபு அதில் இல்லை. அணை கட்டப்படும் இடத்தில் ஆற்றுப்படுகையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் செல்லும் சமவுயரக் கோடே நாற்புறமும் எல்லை என்றும், அப்பரப்பு இணைப்புப் படத்தில் நீலவண்ணத்தால் காட்டப்பட்டுள்ளது என்றும் பத்திரம் கூறுகிறது. கண்ணுக்குப் புலப்படாத, அளவையால் மட்டுமே அறியத்தக்க ஒரு கோடு எல்லையாயிற்று. படமின்றி இப்பத்திரத்திற்குப் பொருள் இல்லை.

இக்கோட்டின் உயிர்ப்பு இன்னும் குன்றவில்லை. அணையில் 142 அடி வரை நீர் தேக்குதல் குறித்து உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் தீர்ப்புரைத்தது. தேக்கடிப் பகுதியில் கேரளம் அமைத்த வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்திற்கு உட்பட்டதா என்னும் வழக்கில், நிலத்தை அளந்து கூறுமாறு இந்திய நில அளவைத் துறையை அந்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு பணித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தின் கோடு இருபத்தோராம் நூற்றாண்டு வழக்கின் வினாவாகிறது.

ஆய்வு நெறி

மேற்கண்டவற்றிலிருந்து நிலப்படத்தைத் தமிழாய்வுக்குப் பயன்படுத்தும் நெறிகள் சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

1. ஊர்ப்பெயரை ஒரு படத்திலிருந்து மட்டும் கொள்ளுதல் கூடாது. வெவ்வேறு காலப் படங்களின் வடிவங்களைச் சுவடிப் படிகளைப் போல் ஒப்பிட்டுப் பாடபேதப் பட்டியல் அமைத்தல் வேண்டும்.

2. உரோமன் வடிவத்தை மலையாள எழுத்துவழக்கு, தமிழ் எழுத்துவழக்கு, வட்டாரப் பேச்சொலி ஆகிய மூன்றோடும் உரசிப் பார்த்த பின்னரே சொற்பிறப்புக் கூறுதல் தகும்.

3. காடர், மலசர், முதுவர், மன்னான், பளியர் ஆகிய மலைவாழ் மக்களின் வழக்கிலுள்ள ஓடை, பாறை, சோலைப் பெயர்கள் கள ஆய்வால் தொகுக்கப்படுதல் வேண்டும். மலைவழியை அறிந்தவர்கள் அவர்களே. படத்தில் இடம்பெறாத பெயர்கள் அவர்தம் வழக்கு மறையின் உடன்மறையும்.

4. படம் எந்த ஆட்சியின் தேவைக்காக, எந்த ஆண்டில் வரையப்பட்டது என்பதை அறியாது அதன் எல்லைக்கோட்டைச் சான்றாகக் காட்டுதல் கூடாது.

நிலப்படங்களை அணுகுவதில் முன்பிருந்த தடைகள் பெருமளவு தளர்ந்துள்ளன. 2005ஆம் ஆண்டு தேசிய நிலப்படக் கொள்கை பொதுப் பயன்பாட்டிற்கான படவரிசையைத் தனியே வகுத்தது. 2021ஆம் ஆண்டு வெளியான நெறிமுறைகள் நிலவியல் தரவுகளின் பயன்பாட்டை மேலும் எளிதாக்கின. ஆகவே இப்பணிக்குத் தேவையானது அனுமதி என்பதைவிட, ஆய்வாளரின் முயற்சியே எனலாம்.

முடிவுரை

பாலக்காடு–இடுக்கி எல்லைப்புறத்தின் நில அளவைப் படங்கள், அந்நிலத்தை உள்ளவாறே காட்டும் கண்ணாடி அல்ல. அவை பெயர்களை மாற்றின. வெவ்வேறு ஆட்சிகளின் விளிம்புகளை ஒரே எல்லையாக நிலைநிறுத்தின. சமவுயரக் கோடொன்றைச் சட்டமாக்கின. அதே வேளையில், இரு நூற்றாண்டுக்கு முன்னர் மக்கள் வாயில் வழங்கிய ஆற்றுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தாங்கி நிற்பவையும் அவையே. பெரியாறு என்னும் பெயரின் ஈற்றெழுத்தைத் திருத்துதல் எழுத்துத் திருத்தம் மட்டும் அன்று; சங்ககாலம் தொட்டு அந்நீரோடு தமிழர் கொண்ட தொடர்பின் சான்றைக் காத்தலாகும். சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த தமிழியல், வார்டு, கானர் ஆகியோரின் குறிப்பேட்டையும் அதற்குரிய படங்களையும் தமிழ்க் குறிப்புரையோடு பதிப்பித்தல் காலத்தின் தேவையாகும். நீர்ப் பங்கீடு பற்றி இரு மாநிலத்தாரும் நடத்தும் உரையாடலுக்கு, ஆறுகளின் உண்மையான போக்கையும் எல்லையின் உண்மையான வரலாற்றையும் உணர்த்தும் அத்தகைய பதிப்பு நடுநிலையான துணையாக அமையும்.